வாயாடியின் நீலப் பல்

வாயாடி வாயை மூடி இன்றோடு ஐந்து நாள் ஆகிறது.

அந்தப் பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று அவளை யாரும் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் வாயாடிதான். ஊசிக்குப் பயந்து நாற்காலியின் கைப்பிடியைப் பிய்த்தெடுக்கப் பார்க்கிறவர்களைக்கூட நாலு கதை அளந்து சிரிக்க வைப்பாள். சிரித்த வாய் மூடுவதற்குள் டாக்டர் வேலையை முடித்துவிடுவார். அப்படிப்பட்டவள் திங்கட்கிழமையிலிருந்து முகக்கவசத்தைக் கழற்றவில்லை. டீயைக்கூடக் கருவி கழுவுகிற அறைக்குக் கொண்டுபோய், சுவரைப் பார்த்து நின்று குடித்தாள்.

எல்லாம் மேல்வரிசை இடது கோரைப்பல் செய்கிற வேலை. அதன் ஓரத்தில் சொத்தைக்கு வைத்த அடைப்பு புது ரகம், ஒரு கம்பெனிக்காரர் சோதனைக்கென்று கொடுத்துவிட்டுப் போனது. மற்ற நேரத்தில் பல்லோடு பல்லாக வெள்ளையாக இருக்கும். வாயில் அமிலம் ஏறினால் தானே மருந்தைக் கசியவிட்டுப் பல்லைக் காப்பாற்றும். காப்பாற்றிவிட்டுச் சும்மா இருக்கிறதா என்றால் அதுதான் இல்லை, ரோஜா நிறமாகி ஊருக்கும் சொல்லிவிடும். நோயாளிகளில் நாலு பேர் சம்மதித்தார்கள், ஐந்தாவது ஆள் கிடைக்கவில்லை. "என் பல்லுல அடைங்க அண்ணி, எனக்கு என்ன ஒளிவுமறைவு இருக்கு?" என்று வாயாடி தானாகவே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். புத்திசாலி!

அண்ணி என்றது டாக்டரைத்தான். அவள் கணவனின் அக்கா, இரண்டு தெரு தள்ளி வீடு.

அடைத்து இரண்டு மாதம் அது சமர்த்தாக இருந்தது. இப்போது அவளுக்குக் கர்ப்பம், ஏழாவது வாரம். காலையில் எழுந்ததும் வாந்தி, பேருந்தை விட்டு இறங்கியதும் இன்னொன்று. வாந்தியோடு அமிலம், அமிலத்தோடு ரோஜா நிறம். கணவனிடம்கூட அவள் சொல்லவில்லை. அவன் வாயில் எதுவும் நிற்காது, அம்மா காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

போன தடவை செய்தி தெரிந்த அன்றே மாமியார் கீழே பின்னறையில் கட்டிலைப் போட்டுவிட்டார். கொடுமைக்காரி என்று ஒரு சொல் சொல்ல முடியாது. தட்டு கைக்கு வந்தது. கேட்காமலே காலைப் பிடித்துவிட்டார். ஆனால் நாலு மாதம் அவள் பார்த்ததெல்லாம் மேலே ஒரு மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். எழுந்து நின்றால் "எதுக்கும்மா எந்திரிச்ச?" என்று குரல் வரும். பேசுவதற்கு ஆளில்லாமல் விசிறியோடு பேசினாள். அத்தனைக்கும் பிறகு குழந்தை தங்கவில்லை. "படுத்திருந்தாலும் நடந்திருந்தாலும் இதுதாம்மா ஆகியிருக்கும், யார் மேலயும் தப்பில்ல" என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார். மாமியார் காதில் அது ஏறவே இல்லை. "இன்னும் ரெண்டு வாரம் முன்னாடியே படுக்க வெச்சிருக்கணும்" என்று அழுதார்.

இந்தத் தடவை அதே டாக்டரம்மா, எக்ஸ்ரே அறைப் பக்கம் போகாமல் தாராளமாக வேலை பார்க்கலாம் என்றார். அவளுக்குக் குழந்தை வேண்டும், உயிரைக் கொடுத்தாவது வேண்டும். அந்தப் பின்னறை மட்டும் வேண்டாம்.

ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் கம்பெனிக்கு அனுப்ப ஐந்து பேரின் பல்லையும் அண்ணி படம் எடுப்பார். அதற்கும் வழி இல்லாமல் இல்லை. வாந்தி எடுத்தால் உடனே பல் தேய்க்காதீர்கள், சோடா உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள் என்று நூறு பேருக்குச் சொன்னவள் அவள். வெள்ளி காலை கழுவும் அறையில் ஒரு சிட்டிகை போட்டுக் கொப்பளித்தாள். மனசு கேட்கவில்லை, ஒரு ஸ்பூன் போட்டாள். அப்படியும் கேட்காமல், சோடா உப்பைக் குழைத்துப் பல்லின் மேல் அப்பிக்கொண்டு பத்து நிமிடம் நின்றாள். அதற்குள் அண்ணியின் குரல் கேட்டது. துப்பிவிட்டு, கண்ணாடிகூடப் பார்க்காமல் ஓடினாள்.

உதட்டை விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை வாயில் மாட்டி, விளக்கைத் திருப்பிய அண்ணி, கேமராவைக் கீழே வைத்தார்.

"இது என்னடி, நீலமா இருக்கு?"

வளையத்தோடு பேச முடியாது. "ஆ" என்றாள்.

"அமிலத்துக்கு எதிரா காரம் ஏறினா நீலமாகும்னு கம்பெனிக்காரன் அட்டையில போட்டிருந்தான். யார் வாயிலடா காரம் ஏறப்போகுதுன்னு நெனச்சேன்." குனிந்து பார்த்தார். "ஓரத்துல இன்னும் கொஞ்சம் ரோஸ் ஒட்டிட்டிருக்கு. சோடா உப்பா?"

"ஆ."

"சோடா உப்பு எதுக்குச் சொல்லுவோம் நாம?"

வாயாடியால் வாயை மூட முடியவில்லை, திறந்தும் பயனில்லை. கண்ணீர் மட்டும் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது.

"எக்ஸ்ரே எடுக்கச் சொன்னா இந்த வாரம் பூரா நழுவினியே," என்ற அண்ணியின் குரல் மெல்ல இறங்கியது. "எத்தனை வாரம்?"

அவள் ஏழு விரல்களைக் காட்டினாள்.

அண்ணி வளையத்தைக் கழற்றிவிட்டு அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தார். வாய் விடுபட்டதுதான் தாமதம். "அத்தைகிட்ட மட்டும் சொல்லாதீங்க அண்ணி. உங்க கால்ல வேணா விழறேன். அந்த ரூமுக்கு என்னால மறுபடி போக முடியாது."

"நான் டாக்டர்டி. என் நாற்காலியில உக்காந்தவங்க ரகசியம் என்னைத் தாண்டிப் போகாது. நீ வேலையைப் பாரு."

அன்று பிற்பகல் முகக்கவசம் நொடிக்கொரு தரம் கழன்றது. ஐந்து நாள் பாக்கியையும் சேர்த்துப் பேசித் தீர்த்தாள். கடைவாய்ப்பல் பிடுங்க வந்த ஒரு லாரி டிரைவர், போகும்போது கன்னத்தில் பஞ்சோடு சிரித்துக்கொண்டே போனார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது, மாடிப்படியின் முதல் படியில் மாமியார் உட்கார்ந்திருந்தார். மாடியில் இருக்க வேண்டிய அவளுடைய தலையணை மடியில் இருந்தது. பின்னறைக் கதவு திறந்திருந்தது. கட்டில் போட்டாகிவிட்டது.

"யார் சொன்னாங்க அத்தை?"

"யாரும் சொல்லலம்மா. உன் அண்ணி போன் பண்ணா. 'அவளை மாடிப்படி அடிக்கடி ஏற விடாதம்மா'ன்னா. வேற ஒரு வார்த்தை சொல்லல, நானும் கேக்கல. மூணு பெத்தவளுக்குத் தெரியாதா?"

"நாளைக்கு எட்டரைக்கு எனக்கு வேலை இருக்கு அத்தை. நடக்கலாம், வேலைக்குப் போகலாம்னு பெரிய ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க."

"போன தடவையும் ஏதேதோ சொன்னாங்க." மாமியாரின் கண்ணீர் மடியிலிருந்த தலையணையில் சொட்டியது. "நீ போகலாம்மா, நான் தடுக்கல. ஆனா நீ திரும்பி வர்ற வரைக்கும் என் நெஞ்சு அடிச்சுக்கும். இன்னொரு தடவை நான் தாங்கமாட்டேன். என் கண்ணுல்ல, படு."

திட்டியிருந்தால் வாயாடி ஒன்றுக்கு ஒன்பது கொடுத்திருப்பாள். அழுகிறவரிடம் என்ன பேசுவது? அவர் நகராமல் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டித்தான் மாடிக்குப் போக வேண்டும்.

அவள் போய்ப் படுத்தாள். அதே விசிறி, அதே சுவர். வெளியே மாமியார் யாருக்கோ போனில் நல்ல செய்தி சொல்வது கேட்டது.

கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தது. அண்ணி. 'காலையில எடுக்காம விட்ட பல் படம் எங்கே? கம்பெனிக்கு அனுப்பணும்.' வாயாடி உதட்டை விரலால் விலக்கிப் படம் எடுத்தாள், தானும் பார்த்தாள். ரோஜா இல்லை, நீலம் இல்லை, பல் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. 'சூப்பர். எல்லாம் நார்மல்.'