பதினேழாம் எண் முத்திரை

விடிந்தும் விடியாத நேரம். பாத்தாம் தீவின் தொழிற்பேட்டைச் சாலையில் விளக்குகள் இன்னும் அணையவில்லை. சோதனை அறைக்குள் நாற்பது பம்புகள் ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்தன. யுஸ்னிதா கட்டைவிரலால் குழாய் வாயை அடைத்துப் பிடித்து, அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தபடி மனத்துக்குள் பத்து எண்ணினாள். முள் இறங்கிய இடத்திலேயே அசையாமல் நின்றது. விரலை எடுத்தாள். அடுத்த மெஷின். மறுபடி விரல், மறுபடி பத்து. ஒன்பது வருஷமாக இதே வேலை. விரல் நுனியில் ஒரு சிவப்பு வளையம் தழும்பாகவே படிந்துவிட்டது. கையுறை போட்டால் மயிரிழைக் கசிவு பிடிபடாது. வெறும் விரலுக்குத்தான் அது தெரியும். மோட்டார் சூட்டில் முதுகு நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

அங்கே செய்வது சக்‌ஷன் மெஷின். பிறந்த குழந்தையின் வாயில் அடைத்த நீர், அடிபட்டவன் தொண்டையில் கட்டிய ரத்தம், கிழவரின் நெஞ்சுச் சளி, எதுவானாலும் உறிஞ்சி எடுத்து மூச்சுக்கு வழி விடுகிற சாமான். அதனால்தான் ஒவ்வொன்றும் நாலு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும், பிறகுதான் விரல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். தேறிய மெஷினின் அட்டையில் சோதனைக்காரி தன் எண் முத்திரையைக் குத்துவாள். யுஸ்னிதாவின் எண் பதினேழு.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. மதியத் தொழுகைக்குப் போகிறவள் தன் முத்திரையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போவாள். ஓடி முடிந்த மெஷினுக்குப் பக்கத்துப் பெண் விரல் வைத்துப் பார்த்து முத்திரையும் குத்தி வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மேசை தியுர்மா சர்ச்சுக்குப் போனால் அவள் முத்திரை யுஸ்னிதாவின் பையில் இருக்கும். எண்ணிக்கை குறைந்து யாரும் திட்டு வாங்கக் கூடாது என்கிற ஒட்டுறவு, அவ்வளவுதான். அந்த ஒட்டுறவில்தான் ஒருத்தி கை வைத்தாள்.

அவள் பெயர் எர்னா. யுஸ்னிதாவின் ஊர்க்காரி. ஆறு வருஷம் இரண்டு பேரும் ஒரே வாடகை அறையில் படுத்து, ஒரே பானையில் சோறு வடித்தவர்கள். எர்னா வாய்க்கு வாய் 'உனி' என்பாள். அவர்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். போன நோன்பு மாதத்தில் அவளை லைன் லீடராக்கி மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள். யுஸ்னிதாதான் அன்றைக்கு அறை முழுக்கப் பலகாரம் வாங்கிக் கொடுத்தாள்.

ஒன்பது மணிக்கு அந்த மஞ்சள் தொப்பி மேசைப் பக்கம் வந்தது.

"உனி, பாக் ஹெண்டார்த்தோ கூப்பிடறாரு."

"மேனேஜரா? என்னவாம்?"

"போனா தெரியும்."

எர்னா அவள் முகத்தைப் பார்க்காமலே ஆபீசுக்குள் கூட வந்தாள்.

ஆபீஸ் மேசைமேல் ஒரு மெஷின் மூடி திறந்து கிடந்தது. அங்கே எல்லாரும் மரியாதையாக 'பாக்' என்று அழைக்கும் ஹெண்டார்த்தோ உட்காரச் சொல்லவில்லை.

"இது கிழக்கே ஒரு தீவுல இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனது. பிரசவத்துல பிள்ளை நீரைக் குடிச்சிடுச்சு. சுவிட்ச் போட்டு ரெண்டே நிமிஷம், பம்பு இறுகிப்போச்சு. நர்ஸ் குழாயைத் தன் வாயில வெச்சு உறிஞ்சி எடுத்திருக்கா. பிள்ளைக்கு உயிர் இருக்கு. இன்னும் கண்ணு முழிக்கல."

ஹெண்டார்த்தோ மெஷினை அவள் பக்கம் திருப்பினார்.

"உள்ள மீட்டரைப் பாரு. இந்த மெஷின் பொறந்ததுலேர்ந்து மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம்தான் ஓடியிருக்கு. நாலு மணி நேரம் எங்க போச்சு? அட்டையில யாரு முத்திரை?"

பதினேழு. தேதி போன மாதத்தது. நேரம் பன்னிரண்டேகால்.

"அந்த நேரத்துல நான் தொழுகையில இருந்தேன், பாக். முத்திரை எர்னாகிட்ட இருந்துச்சு. ரெண்டு மாசமா எல்லாரோட முத்திரையையும் அவதான் வாங்கி வெச்சுக்கறா. நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்னு சொல்லித்தான் வாங்குவா."

"அடுத்தவகிட்ட முத்திரையைக் கொடுத்ததே குத்தம்."

"ஒன்பது வருஷமா இந்த ஆபீஸ் கண்ணாடிச் சுவர் வழியா பாத்துட்டுத்தானே இருந்தீங்க, பாக்? எண்ணிக்கை ஏறினப்போ அது குத்தமாத் தெரியலையா?"

ஹெண்டார்த்தோ பேனாவைத் திருகினார். "எர்னா, அன்னிக்கு முத்திரை உன்கிட்டயா இருந்துச்சு?"

எர்னா தரையைப் பார்த்தாள். "எனக்கு ஞாபகம் இல்ல, பாக்."

ஞாபகம் இல்லையாம். தான் ஜுரத்தில் கிடந்தபோது எட்டு நாள் கஞ்சி ஊட்டியவள் முன்னால் நின்றுகொண்டு, கூசாமல் சொல்கிறாள். யுஸ்னிதாவுக்கு அழுகை வரவில்லை.

ஹெண்டார்த்தோ ஒரு தாளை நகர்த்தினார். சோதிக்காமலே நான் முத்திரை குத்தினேன் என்று அதில் அச்சடித்திருந்தது.

"மூணு மணிக்கு ஷிப்ட் முடியறதுக்குள்ள கையெழுத்துப் போடு. வேலை மட்டும்தான் போகும். போடலைன்னா போலீஸ். பச்சைப் பிள்ளை விஷயம், உள்ள போனா எப்ப வருவேன்னு எனக்குத் தெரியாது."

தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். குழாயடியில் எர்னா முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யார் செய்யச் சொன்னது?" என்று கேட்டாள் யுஸ்னிதா.

"மேலேர்ந்து வந்த உத்தரவு உனி. சந்தையில நம்ம மெஷினைவிடப் பாதி விலைக்கு வெளிநாட்டுச் சரக்கு வந்து இறங்குதாம். சீக்கிரமா, மலிவாக் கொடுக்கலைன்னா ஆர்டர் போயிடுமாம். இருபது நிமிஷம் ஓடினாப் போதும்னு சொன்னாங்க. வாயால மட்டும்தான் சொன்னாங்க, எழுதித் தரல."

"அதுக்கு என் முத்திரையா கெடச்சுது உனக்கு?"

"எல்லாரோடதும்தான். என்னை நிரந்தரமாக்கறேன்னாங்க. ரெண்டு பிள்ளைங்களை ஊர்ல அம்மாகிட்ட விட்டுட்டு எத்தனை வருஷம் காண்ட்ராக்ட்லயே ஓடறது?"

"எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கான்னு நெனச்சே? கையை நீட்டிக் காட்டிக் கொடுத்திருந்தாக்கூட தாங்கியிருப்பேன். ஞாபகம் இல்லைன்னியே, அதைத்தான்டி தாங்க முடியல."

எர்னா முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மதிய இடைவேளையில் பழுப்புத் தாள் பொட்டலங்கள் பிரிபட்டன. யுஸ்னிதா சோற்றைத் தொடவில்லை. தாளை எடுத்துப் பெண்கள் நடுவில் வைத்தாள். நடந்ததைச் சொல்லி முடித்தபோது, எப்போதும் கேலி பேசிச் சிரிக்கும் தியுர்மா முதல் ஆளாக எழுந்தாள்.

"எல்லாரோட முத்திரையும்னா என்னோடதும்தானே? அப்பா சாவுக்கு நான் ஊருக்குப் போனேனே, ஒரு வாரம். போறப்போ முத்திரையை அவகிட்டதான் கொடுத்தேன்."

பொட்டலத்தை அப்படியே போட்டுவிட்டுப் பாக்கிங் பிரிவுக்கு நடந்தாள். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள். அங்கே வக்கித் என்கிற மூத்த தொழிலாளி, லாரிக்காக அடுக்கிய பெட்டிகள்மேல் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வக்கித் அண்ணே, அந்த வாரத்துப் பெட்டி ஒண்ணைத் திறங்க."

"சீல் வெச்சாச்சும்மா. என் வேலையும் சேர்ந்து போகும்."

"உங்க வீட்டுல பிரசவம் வந்தா இதைத்தான் தூக்கிட்டு வருவாங்க. திறங்க."

வக்கித் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். பிறகு கத்தியை எடுத்துக் கீறினார். அட்டையில் தியுர்மாவின் இருபத்தொன்று. தேதி அவள் தகப்பனைப் புதைத்த நாள். மீட்டர் இருபது நிமிஷம் காட்டியது. அடுத்த பெட்டி, பத்தொன்பது நிமிஷம். அதற்கடுத்தது, இருபது. ஒவ்வொன்றிலும் இவர்களில் ஒருத்தியின் எண் இருந்தது. தங்கள் எண்ணைச் சுமந்துகொண்டு எந்தெந்த ஊரில் எத்தனை மெஷின் இப்படி உட்கார்ந்திருக்கிறதோ.

"கையெழுத்துப் போடாதீங்க அக்கா," என்றாள் தியுர்மா. "இன்னிக்கு நீங்க போட்டா நாளைக்கு நான். அடுத்த பிள்ளைக்கு அடுத்த நம்பரைத் தேடுவாங்க."

"நான் மட்டும் போடாம இருந்து பிரயோஜனம் இல்ல," என்றாள் யுஸ்னிதா. "இந்தப் பெட்டிங்க இன்னிக்கு லாரி ஏறினா, இன்னொரு நர்ஸ் வாயால உறிஞ்சணும்."

அந்த ஷிப்டின் பத்துப் பேரும் ஆபீசுக்குப் போனார்கள். வக்கித் திறந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். ஹெண்டார்த்தோ எழுந்து நின்றார்.

"இது என்ன ஊர்வலம்?"

தியுர்மா மெஷினைக் காட்டினாள். "இதுல முத்திரை குத்தினப்போ நான் ஊர்ல எங்கப்பாவுக்கு மண்ணு போட்டுட்டிருந்தேன், பாக். லீவு சீட்டுல உங்க கையெழுத்துதான் இருக்கு. இதுக்கும் நான்தான் குத்தவாளியா?"

அவர் முகம் கறுத்தது. "சந்தையைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? நாம ஒரு வாரம் தாமதிச்சா அவன் உள்ள வந்துடுவான். கம்பெனி மூடினா உங்க எல்லாருக்கும்தான் சோறு இல்ல."

"மெஷின் நின்னா மூச்சு இல்ல, பாக்," என்றாள் யுஸ்னிதா. அவர் கொடுத்த தாளை, மடிப்பு கலையாமல் மேசைமேல் வைத்தாள். கையெழுத்து இல்லை. அதன்மேல் இன்னொரு தாள். வெளியே போன பெட்டிகளைத் திரும்ப வரவழைக்க வேண்டும், எங்கள் முத்திரையை யார் சொல்லிக் குத்தினார்கள் என்று விசாரிக்க வேண்டும் என்று எழுதி, பத்துப் பேரும் வக்கித்தும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "நகல் தொழிலாளர் ஆபீசுக்குப் போகுது."

"அடுத்த மாசம் உங்க காண்ட்ராக்ட் முடியுது, மறந்துடாதீங்க."

"மறக்கல," என்றாள் யுஸ்னிதா. "ஞாபகம் இல்லைன்னு சொல்ற வழக்கம் எங்களுக்குக் கிடையாது."

வாசலில் நின்றிருந்த எர்னா உதட்டைக் கடித்துக்கொண்டாள். உள்ளேயும் வரவில்லை, விலகியும் போகவில்லை. யுஸ்னிதா அவளைத் தாண்டி நடந்தாள்.

பாக்கிங் பிரிவு ஆட்கள் யாரும் கேட்காமலே பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சீல் கிழிந்தது. மெஷின்கள் மேசைமேல் ஏறின. ஒவ்வொருத்தியும் முத்திரையைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டாள். ஒரே நேரத்தில் சுவிட்சுகள் விழுந்தன. அறை அதிர்ந்தது. வெளியே லாரி டிரைவர் ஹார்ன் அடித்துப் பார்த்தான், யாரும் திரும்பவில்லை.

இருபது நிமிஷம் கழித்து ஹெண்டார்த்தோவே சோதனை அறைக்கு வந்தார். பம்புச் சத்தத்தில் அவர் கத்த வேண்டியிருந்தது.

"லாரி நிக்குது. இருபது நிமிஷம் ஆச்சு, குத்துங்க முத்திரையை."

யாரும் அசையவில்லை. கட்டைவிரல்கள் சும்மா இருந்தன.

"மூணு மணிக்கு உங்க ஷிப்ட் முடியுது. அப்ப என்ன பண்ணுவீங்க?"

"அடுத்த ஷிப்ட் பொண்ணுங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லியாச்சு," என்றாள் தியுர்மா. "அவங்க முத்திரையும் அவங்க பையிலதான் இருக்கும்."

அவர் யுஸ்னிதா பக்கம் திரும்பினார். "இன்னும் எவ்வளவு நேரம்தான் ஆகும்?"

யுஸ்னிதா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே பதில் சொன்னாள்.

"இன்னும் மூணு மணி நேரம் நாப்பது நிமிஷம், பாக்."