கொஞ்சம்னா எவ்வளவு?

...வயித்துல கேஸாம், மறுபடியும் கேஸாம், போன தடவையும் இதே கேஸ்தான், அந்தக் கேஸைத்தான் அப்புறம் சினைப்பைல புத்துநோய்னு சொல்லி வயித்தைக் கிழிச்சு உள்ள இருந்ததையெல்லாம் எடுத்தாங்க, முடி கொட்டக் கொட்ட மருந்து ஏத்தினாங்க, எல்லாம் முடிஞ்சு ரெண்டு வருஷமா நல்லாத்தான் இருந்தேன், இப்ப அதே வயிறு அதே மாதிரி உப்புது, நாலு வாய் சாப்பிட்டா கழுத்து வரைக்கும் வந்து நிக்குது, அடிவயித்துல ஒரு இழுப்பு, பாத்ரூம் போயிட்டு வந்து உட்கார்ந்தா திரும்பவும் போகணும் போல இருக்கு... இதைச் சொன்னா வீட்டுக்காரர் மனசைப் போட்டுக் குழப்பிக்காதேங்கறார், நான் எங்கய்யா மனசைச் சொன்னேன், வயித்தைச் சொல்றேன், வயிறுன்னு சொன்னா எல்லாருக்கும் எப்படித்தான் மனசுன்னு காதுல விழுதோ. அக்காகிட்ட போன்ல சொன்னா அவளும் அதையேதான் பாடறா, நல்லதையே நினைடின்னு. நல்லதை நினைச்சா இடுப்புப் பட்டன் மாட்டுமா?

சரி, அவங்களை விடு, இப்ப டாக்டர் ரூமுக்குள்ள போயி நான் என்ன கிழிச்சேன்? ஆபரேஷன் பண்ணின பெரிய டாக்டர் ஊரை விட்டுப் போயிட்டார், அவர் இடத்துக்கு வந்த இந்த அம்மா நல்லவங்கதான், சிரிச்ச முகம், ஆனா கண்ணு முழுக்க கம்ப்யூட்டர்ல. ரத்தத்துல ஒண்ணும் இல்லையேம்மா, கேஸா இருக்கும், மாத்திரை எழுதறேன், மூணு மாசம் கழிச்சு வாங்கன்னாங்க. நானும் பெரிய மகராசி மாதிரி தலையாட்டிட்டு, தேங்க்ஸ் வேற சொல்லிட்டு வந்து இந்த இரும்பு பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன், இவர் கீழ மாத்திரை வாங்கப் போயிருக்கார். ச்சே, எதுக்கு தேங்க்ஸ்? வரும்போது பஸ்ல எவ்வளவு ஒத்திகை பார்த்தேன், இதைச் சொல்லணும் அதைக் கேட்கணும்னு... நாற்காலில உட்கார்ந்ததும் வாயில வந்தது என்ன? கொஞ்சம் உப்புசமா இருக்கு டாக்டர், கொஞ்சம் வலிக்குது, கொஞ்சம் சாப்பிட முடியலை... எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு கொஞ்சம். அவங்க டைப் அடிச்சதை எட்டிப் பார்த்தேனே, லேசான உப்புசம், லேசான வலி.

அடக் கடவுளே. நான் எங்க லேசுன்னு சொன்னேன்... கொஞ்சம்னு சொன்னேன், கொஞ்சம்னா கொஞ்சமா? கொஞ்சம் தள்ளி உட்காருங்கன்னா எவ்வளவு தள்ளணும்னு யாராவது அளந்தா பார்க்கறாங்க, அது ஒரு மரியாதை, அவ்வளவுதானே. நாள் முழுக்க வாஷிங் மெஷின் சர்வீஸ் ஆபீஸ்ல போனை எடுத்து கொஞ்சம் லைன்ல இருங்க கொஞ்சம் லைன்ல இருங்கன்னு சொல்றவ நான், அந்தக் கொஞ்சத்துக்குள்ள ஒருத்தர் குளிச்சு சாப்பிட்டுட்டே வந்துடலாம். அங்கயும் அப்படித்தானே, மெஷின் கொஞ்சம் சத்தம் போடுதுங்கன்னு பதவிசா சொல்றவங்க வீட்டுக்கு மெக்கானிக் எப்ப போவான்? வீடே அதிருது, இப்ப வர்றியா இல்ல நான் அங்க வரட்டுமான்னு கத்தறவங்க வீட்டுக்குத்தான் முதல்ல ஓடுவான். தினமும் பார்க்கறேன், பார்த்தும் என் வயித்துக்கு வந்தப்ப பதவிசு. என் மேலயே எரிச்சலா வருது.

எழுந்துட்டேன். டோக்கன் முடிஞ்சுதேம்மா, உள்ள ஆள் இருக்காங்கன்னு நர்ஸம்மா கையை நீட்டினாங்க, இருக்கட்டும், அவங்க வர்ற வரைக்கும் நிக்கறேன்னேன். பின்னாடி யாரோ உச்சுக் கொட்டினாங்க, கொட்டட்டும். கதவு திறந்ததும் போயி நின்னு, டாக்டர், நான் கொஞ்சம்னு சொன்னது மரியாதைக்கு, நிஜத்துல கொஞ்சம் இல்ல, ராத்திரி வலியில தூக்கமே இல்ல, சாப்பாடு பாதி தட்டுல மிஞ்சுது, அந்த லேசானங்கறதை அழிச்சுடுங்கன்னேன். அவங்க பெருமூச்சு விட்டு, பயம் புரியுதும்மா, இது வந்து போனவங்களுக்கு எல்லா வயித்துவலியும் அதுவாத்தான் தெரியும்னாங்க. ஆமா டாக்டர், பயமாத்தான் இருக்கு, பயத்துக்கு மாத்திரை வேண்டாம், ஸ்கேன் எழுதிக் கொடுங்க, முதல் தடவையும் ரத்தத்துல ஒண்ணும் தெரியலை, ஸ்கேன்லதான் தெரிஞ்சுது, ஃபைல்ல இருக்கு பாருங்க. வேண்டாம்னா, ஏன் வேண்டாம்னு எழுதி கையெழுத்துப் போட்டுக் கொடுங்க... இதையெல்லாம் நானா பேசினேன், எனக்கே ஆச்சரியம். அவங்க ஃபைலைப் புரட்டினாங்க, திரும்பப் புரட்டினாங்க, அப்புறம் படுங்கம்மான்னு சொல்லி வயித்துல கை வச்சாங்க. வலது பக்கம் ஒரு இடத்துல அழுத்தினாங்க. அதே இடத்துல மறுபடியும். கம்ப்யூட்டரைப் பார்க்கலை, என் முகத்தைப் பார்த்தாங்க, நாளைக்கே எடுத்துடலாம், நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்னாங்க.

வெளிய வந்தா இவர் மாத்திரைக் கவரோட நிக்கறார், எங்க போயிட்டே, என்னாச்சுன்னு கேட்கறார். நாளைக்கு ஸ்கேன், நான் சொன்னதை நம்பிட்டாங்கன்னேன். அப்ப நல்லதுதானேங்கறார், ஆமான்னுட்டு நடக்கறேன், மாடிப்படிக் கைப்பிடியைப் பிடிச்ச கை விட மாட்டேங்குது... நம்ப வைக்கத்தானே இவ்வளவு சண்டை, ஜெயிச்சாச்சு, மூணு மாசம்னவங்க நாளைக்கேன்னு சொல்லிட்டாங்க, என்னைத் தவிர யாரும் பயப்படலையேன்னு தானே இத்தனை கோபம், இப்ப அவங்களும் பயந்துட்டாங்க, இனிமே நான் யார்மேல கோபப்படறது?