டிப்ஸை விற்கச் சொன்ன வெர்னா

திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு வெர்னா பள்ளிக்கூடச் சமையல்கட்டின் சாமான் அறைக்குள் போய், மாவு மூட்டை மேல் உட்கார்ந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தாள்.

இரண்டு வருஷமாக இதே மூட்டை, இதே நேரம், போன் போட்டுப் பேசுகிற இதே ரேடியோ நிகழ்ச்சிதான். பிட்ஸ்பர்க்கில் பாஸ்கெட்பால் பார்க்கிற யாரைக் கேட்டாலும் ‘கேன்டீன் வெர்னா’வைத் தெரியும். முகம் தெரியாது, குரல் தெரியும். அவள் பேச்சும் எப்போதும் ஒன்றுதான்: “அந்த டிப்ஸை வித்துத் தொலைங்கப்பா!”

ஜவோன் டிப்ஸ் யாரென்று கேட்கிறீர்களா? உள்ளூர் அணி ரிவெட்ஸின் நட்சத்திரம். ஆட்டத்துக்கு இருபத்தெட்டு பாயிண்ட் அடிப்பான், அணி தோற்கும். பந்து கையில் கிடைத்தால் தட்டிக்கொண்டே நிற்பான், யாருக்கும் தர மாட்டான். எத்தனை செகண்டு வைத்திருக்கிறான் என்று வெர்னா டிவி முன்னால் உட்கார்ந்து சத்தமாக எண்ணுவாள். ஒன்பது வரை எண்ணிய நாளெல்லாம் உண்டு. அதை ரேடியோவில் சொல்லப்போய், ஊரில் பாதிப் பேர் இப்போது எண்ணுகிறார்கள்.

வியாழக்கிழமையோடு ஆட்டக்காரர்களை விற்கிற, வாங்குகிற கெடு முடிகிறது. அதனால் ரேடியோக்காரன் ஸ்கிப் பெரிதாக விளம்பரம் செய்திருந்தான்: திங்கட்கிழமை டிப்ஸை விற்கச் சொல்லி வெர்னா, வேண்டாமென்று தபால்காரர் ஹோரஸ், நேருக்கு நேர். வெள்ளிக்கிழமை வெர்னாவும் துள்ளிக்கொண்டு சரி என்றாள்.

சனிக்கிழமைதான் வினையே வந்தது. சர்ச்சில் நடந்த குலுக்கலில் அவளுக்கு அன்றைய ரிவெட்ஸ் ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் விழுந்தது. கூட வேலை செய்யும் பெட்டினாவை இழுத்துக்கொண்டு போனாள். இருக்கை கூரைக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில். ஆட்டக்காரர்கள் சோளப்பொரி அளவுதான் தெரிந்தார்கள்.

டிப்ஸ் கைக்குப் பந்து வந்தது. “ஒன்னு, ரெண்டு...” என்றாள் வெர்னா. பந்து போய்விட்டது. அடுத்த தடவையும் இரண்டுதான்.

“இந்தப் பய எங்கடி போறான்?” என்று அவனையே பார்த்தாள். பந்தைக் கொடுத்தவன் சும்மா நிற்கவில்லை. கூடைக்கு அடியில் ஓடி, தன் அணியின் நெட்டையன் லைலைச் சுற்றிக்கொண்டு, தூர மூலைக்குப் பாய்ந்தான். எதிரணிக்காரர்கள் இரண்டு பேர் பதறி அவன் பின்னாலேயே ஓடினார்கள். நடுவில் லைல் தனியாக நின்றான். பந்து வந்தது, இரண்டு கையாலும் கூடைக்குள் அடித்து இறக்கினான். பலகையில் லைல் பேருக்கு இரண்டு பாயிண்ட், டிப்ஸ் பேருக்கு ஒன்றுமில்லை. இப்படியே பதினொரு தடவை.

“பதினாலுதான் அடிச்சிருக்கான், நீங்க இன்னும் திட்டலையேக்கா?” என்றாள் பெட்டினா.

“வாயை மூடிட்டுப் பாருடி.”

ரிவெட்ஸ் பத்தொன்பது பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தாள். டிவி கேமரா பந்து பின்னாலேயே போகிறது. திரையின் ஓரத்தில் டிப்ஸின் முழங்கை மட்டும் தெரிந்து மறைகிறது. டிசம்பரிலிருந்தே ஆட்டத்தின் கடைசி நிமிஷங்களில் இப்படி ஓடிக்கொண்டிருக்கிறான், பாவி! அவள்தான் ‘கடைசி நேரத்துல ஒளிஞ்சுக்கிறான் பயந்தாங்கொள்ளி’ என்று ஊருக்கே சொல்லியிருந்தாள்.

இப்போது என்ன பேசுவது? பெட்டினா உருளைக்கிழங்கு உரிக்கிற கத்தியோடு சாமான் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“பழசையே பேசிட்டுப் போங்கக்கா. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமேடி.”

“பேச்சை மாத்தினா ஸ்கிப் ரேடியோவுல கழுதை கத்துற சத்தத்தைப் போட்டு விட்டுருவான். போன வருஷம் அந்த பிளம்பருக்குப் போட்டான், ஞாபகம் இருக்கா? மனுஷன் அப்புறம் போனே பண்ணலை.”

அந்தப் பயம்தான் வெர்னாவுக்கும். இந்தப் பத்து நிமிஷப் பேச்சும் போய்விட்டால், அவள் வெறும் கேன்டீன்காரி. நம்பரை அழுத்தினாள்.

“வந்துட்டாங்கய்யா கேன்டீன் வெர்னா!” என்று ஸ்கிப் கூவினான். “சொல்லுங்கம்மா, இந்த வாரம் எத்தனை செகண்டு?”

“ரெண்டு,” என்றாள் வெர்னா. “டிப்ஸை விக்கக் கூடாது.”

உடனே கழுதை கத்தியது பாருங்கள், மாவு மூட்டையே அதிர்ந்தது. தபால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்த ஹோரஸ் விழுந்து விழுந்து சிரித்தார்.

“என்னம்மா, சூப்புல சர்க்கரையைக் கொட்டிட்டியா இன்னிக்கு? இதைத்தானே ரெண்டு வருஷமா நான் கத்துறேன்! இருபத்தெட்டு அடிக்கிறவனை எவனாவது விடுவானா?”

“நீங்க சொல்றதும் தப்புதாங்க. நீங்க அந்த இருபத்தெட்டுக்காக அவனை வெச்சுக்கச் சொன்னீங்க. சனிக்கிழமை அவன் பதினாலுதான் அடிச்சான். அதுக்காகத்தான் வெச்சுக்கணும்.”

“பதினாலா?”

“ஆமா. டிவியில தெரியாதுங்க, நான் நேர்ல போய் மேல உட்கார்ந்து பார்த்தேன். அவன் ஓடுறான், ரெண்டு பேர் பின்னாடி ஓடுறாங்க, லைல் அடிக்கிறான். முன்னாடி நான் திட்டினது நியாயம்தான். ஆனா அவன் மாறிட்டான், நான்தான் கவனிக்கலை. போன வருஷம் லைல் இல்லை, யாருக்குத் தருவான்? இப்ப ஆள் இருக்கு, தர்றான்.”

“நில்லு நில்லு. அவ்வளவு சம்பளம் வாங்குற ஸ்டாருக்குப் பதினாலா? அப்படின்னா அவன் எதுக்கு? வித்துடலாமே!”

“ஐயோ சாமி!” ஸ்கிப் தலையில் அடித்துக்கொண்டது ரேடியோவிலேயே கேட்டது. “யார் எந்தப் பக்கம்னே தெரியலையே! விளம்பரம் முடிஞ்சு வர்றேன், ரெண்டு பேரும் போனை வெச்சுடாதீங்க. வெர்னாம்மா, பன்னெண்டு பேர் லைன்ல இருக்காங்க, எல்லாரும் உங்களைத்தான் கேட்கிறாங்க.”

“என்னையா? திட்டவா?”

“நாலு பேர் திட்ட. மீதிப் பேருக்கு, நீங்க எந்த வரிசையில உட்கார்ந்து பார்த்தீங்கன்னு தெரியணுமாம்.”

பெட்டினா கதவைத் தட்டினாள். “அக்கா, மணி ஆச்சு! பீட்சாவை அடுப்புல வைக்கணும்!”

“நீயே வைடி,” என்றாள் வெர்னா, மூட்டையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து. “இந்த ஹோரஸுக்கு நான் முதல்லேர்ந்து பாடம் எடுக்கணும்.”