மலை பார்த்த வாசல்

அந்தக் கோடையில் மணிமொழிக்குப் பிளஸ் டூ ரிசல்ட்டைப் பற்றிக்கூட அவ்வளவு கவலையில்லை. மாறன் தினமும் கிரிவலப் பாதையோரம் குனிந்து குனிந்து எதைத் தேடுகிறான் என்பதுதான் அவள் மண்டையைக் குடைந்தது. அடி அண்ணாமலையில் பக்கத்துத் தெரு, பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அப்படியும் வாயைத் திறக்கவில்லை, கல்லுளிமங்கன். தை மாதம் அவன் அம்மா தங்கம்மாள் காமாலையில் போனதிலிருந்தே அப்படித்தான்.

"நீயே போய்க் கேளு. என்கிட்ட சொல்லமாட்டேங்கறான்," என்றான் இருவருக்கும் கூட்டாளியான அறிவுச்செல்வன். "உன்னப் பாத்தா அவனுக்குக் காது செவக்குது."

சிவந்தது மணிமொழியின் காதுதான். ஆனாலும் போய் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாடா தேடுற?"

முதலில் முறைத்தான். பிறகு சொன்னான். "எங்கம்மா கட்ன வீட்ட."

சொந்த வீடு வேண்டுமென்று கிரிவலம் வருகிறவர்கள் பாதையோரம் கற்களை வீடுபோல அடுக்கிவிட்டுப் போவார்கள். வாடகை வீட்டிலேயே காலம் தள்ளிய தங்கம்மாளும் பௌர்ணமிதோறும் அடுக்கினாள். வேண்டுதல் பலித்தது. வேங்கிக்காலில் வீடு எழும்பிவிட்டது, குடிபோகத்தான் அவள் இல்லை. அவன் அப்பா மூர்த்தி சித்திரையிலேயே வேறொருத்திக்குத் தாலி கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். பால் காய்ச்சப்போவது அந்தப் புது அம்மாள். மாறன் அந்தப் பக்கமே போவதில்லை.

"அம்மா அடுக்குனத மட்டும் கண்டுபுடிச்சேன், எட்டி ஒதைப்பேன். அப்புறம் பெங்களூர் போயிடுவேன். எங்கப்பா மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன்."

"காலேஜு?"

"யாருக்கு வேணும்?"

"இவ்ளோ கல்லு கெடக்குதே. எது உங்கம்மாவோடதுனு எப்புடித் தெரியும்?"

"மேல் கல்லுக்கு அடியில பச்ச வளையல் துண்டு வெப்பாங்க."

மணிமொழிக்கு இரண்டு கவலை. அவன் படும் பாடு ஒரு பக்கம், அவன் ஊரைவிட்டுப் போய்விடுவானே என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் ஜாஸ்தி வலித்தது. அதற்காக வெட்கப்படவும் செய்தாள். அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஆத்திரம் தீர ஒரு வீட்டை உதைத்துவிட்டால் பெங்களூர்ப் பேச்சும் அடங்கிவிடும் என்று அவள் கணக்குப் போட்டாள். வியாழக்கிழமை காலையில் அறிவுச்செல்வனைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, புளியமரத்தடியில் ஒரு கல் வீட்டை அடுக்கினாள். தன் பச்சை வளையலையே உடைத்து ஒரு துண்டைச் சொருகினாள். சாயங்காலம் ஒன்றும் தெரியாதவள்போல மாறனை அங்கே கூட்டிவந்தாள்.

மேல் கல்லைத் தூக்கினான். பச்சைத் துண்டு மின்னியது. அந்தக் கல் வீட்டையே சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு காலை ஓங்கினான். கூடவே வந்திருந்த அறிவுச்செல்வன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஓங்கிய கால் இறங்கவில்லை. மாறன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதான். அம்மாவைத் தூக்கிப்போன அன்றுகூட அழாதவன்.

உண்மையைச் சொன்னால் இனி மணிமொழியோடு பேசவே மாட்டான். சொல்லாமல் விட்டாலோ, செத்துப்போனவள் பேரில் புளுகியதாகிவிடும்.

"மாறா... இது நான் கட்னது."

"தெரியும்," என்று மூக்கை உறிஞ்சினான். "அம்மா எப்பவும் மலையப் பாத்துதான் வாசல் வெப்பாங்க. நீ ரோட்டப் பாத்து வெச்சிருக்க."

"தெரிஞ்சுமா அழுத?"

"ஒடைக்கறதுக்குனாலும் எனக்குனு ஒருத்தி வீடு கட்டியிருக்கா. எப்புடி ஒதைக்கறது?"

மணிமொழி அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். இருவரும் கற்களைப் பிரித்து, வாசலை மலைப்பக்கம் வைத்து மறுபடி அடுக்கினார்கள். அறிவுச்செல்வன் அநாவசியமாக இருமினான்.

"நாளைக்கு வேங்கிக்கால் போறியா?" என்று கேட்டாள்.

"நீங்க வந்தா போறேன். தெருவுலயே நின்னு பாத்துட்டு வந்துடுவேன்."

வெள்ளிக்கிழமை காலையில் மூவரும் சைக்கிளில் போனார்கள். சொன்னபடியே மாறன் தெருவில் நின்றான். மாவிலைத் தோரணம் கட்டிய வாசலைப் பார்த்தான். அது எதைப் பார்க்கிறதென்று தெரிந்துகொள்ள மெல்லத் திரும்பினான். நேர் எதிரே மலை நின்றது.

மூர்த்தி வெளியே வந்தார். மகன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நிலைப்படியைத் தடவினார்.

"தெக்கு வாசல் ஆகாதுனு மேஸ்திரி அடிச்சிக்கினாரு. உங்கம்மா கேக்கவே இல்லடா. படுக்கையில கெடந்தப்பகூட, வாசல மாத்திடாதீங்கனுதான் சொன்னா."

மாறன் செருப்பைக் கழற்றினான். ஒரு கையால் மணிமொழியைப் பிடித்துக்கொண்டு அந்த நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அம்மா வீடு," என்றான் அவளிடம். "உள்ள வா."