ஒரே தும்மலில் ஒரு நீதிபதி

ஒரே ஒரு தும்மலில் நான் ஒரு நீதிபதியை நியமித்திருக்கிறேன். சும்மா இல்லை, ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்து, மூன்று மாடிக்குக் கீழே நின்ற டிரைவர்கள் விறைப்பாக நின்று சல்யூட் அடித்த தும்மல்.

"வடிகட்டின பொய்" என்பார் என் சம்பந்தி. அன்று அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஐந்து நீதிபதிகளில் அவரும் ஒருவர் என்பதுதான் வேடிக்கை.

போன ஞாயிற்றுக்கிழமை வக்கீலான என் மருமகளுக்கு முன்னால் ஒரு படிவம் கிடந்தது. நீதிபதி பதவிக்குத் தன் பெயரைப் பரிசீலிக்கச் சம்மதம் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் கடைசி நாள். பேனா மூடியை அவள் திறக்கவே இல்லை.

"வேணாம் அத்தை. வாதாடினா சண்டைக்காரின்னுவாங்க, அடக்கமா இருந்தா சரக்கில்லைன்னுவாங்க. இருபது வருஷப் படிப்பும் உழைப்பும் யார் கண்ணுக்கும் தெரியாது."

"என் தும்மலைக் கேட்டுட்டு முடிவு பண்ணு" என்றேன்.

"ஆரம்பிச்சுட்டாங்கப்பா!" சம்பந்தி செய்தித்தாளுக்குள் ஒளிந்துகொண்டார்.

அப்போது நான் தேர்வுக் குழுவின் சுருக்கெழுத்தாளர். ரகசியம் என்பதால் பரிசீலனைக்கு வந்தவர்களின் பெயரை நோட்டில் எழுத மாட்டேன். ஒன்று, இரண்டு என்று எண் மட்டும்தான். காலையில் 'ஒன்று', ஒரு ஆண். "கோர்ட்ல குரலை உசத்துவார்" என்றார் ஒருவர். "அந்த உறுதி வேணுமே!" என்றார்கள். பதினாலு வருஷ அனுபவமா? தாராளம். மதியம் 'இரண்டு', ஒரு பெண். அவரும் குரலை உசத்துவாராம். "சிடுமூஞ்சி!" பத்தொன்பது வருஷ அனுபவமா? "போதுமா?" கடைசியாக ஒருவர் கேட்டார்: "சின்னக் குழந்தைங்களை வெச்சுக்கிட்டு அந்தம்மா எப்ப தீர்ப்பு எழுதுவாங்க?" அதோடு கதை முடிந்த மாதிரிதான்.

"இரண்டைப் பத்திப் பேசினதை ஒரு தடவை படிங்கம்மா" என்றார் தலைவர்.

வந்தது தும்மல். நோட்டின் பக்கங்கள் புரண்டன. கண்ணில் பட்டதைக் கணீரென்று படித்தேன்: "குரல் உயரும், நீதிபதிக்கு அந்த உறுதி வேண்டும். அனுபவம் தாராளம்."

ஐந்து தலைகளும் ஆடின. "இவ்வளவு நல்லா பேசியிருக்கோம், அப்புறம் ஏன் தயங்கறோம்?" என்றார் தலைவர்.

"மன்னிக்கணும் ஐயா, இது காலைப் பக்கம். ஒன்றைப் பத்தினது."

மின்விசிறியே வெட்கத்தில் நின்றுவிட்டது.

தலைவர் மெதுவாகக் கேட்டார்: "இதுல எந்த வரி அந்தம்மாவுக்குப் பொருந்தாது? அது போகட்டும், காலைல பேசின அந்த ஆளுக்கு எத்தனை குழந்தைங்க?" யாருக்கும் தெரியவில்லை. காலையில் யாரும் கேட்கவே இல்லையே! (மூன்று. அப்புறம் விசாரித்தேன்.) ஐந்து கைகளும் உயர்ந்தன. அந்தம்மா நீதிபதியானார்.

மருமகள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அத்தை சொல்றது நிஜமாப்பா? நிஜம்னா கையெழுத்துப் போடறேன்."

"அது ரகசியக் கூட்டம்மா, நான் போய்..."

"அப்பா."

செய்தித்தாள் மடிந்தது. சம்பந்தி என்னைப் பார்த்து முறைத்தார். படிவத்தைப் பார்த்தார். பேனா மூடியைத் தானே கழற்றி மகளிடம் நீட்டினார்.

"கண்ணாடி அதிரலை. எந்த டிரைவரும் சல்யூட் அடிக்கலை" என்றார். "மத்ததெல்லாம் நடந்துச்சும்மா. குழந்தைங்களைப் பத்திக் கேட்டது நான்தான்."