கதவில் நிற்பவள்

கேடயக்காரி என்றால் அந்தக் கணினி விளையாட்டுச் சங்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். ஐந்தடி இருந்தால் அதிகம், பலமாகத் தும்மினால் நாற்காலியோடு நகர்ந்துவிடுவாள். ஆனால் கணினித் திரையில் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு ஒரு கதவில் நின்றாள் என்றால், பூதமே வந்தாலும் கதவைத் தாண்ட முடியாது.

தையல் கடைக்கு மேலே ஒரு நீள அறை, ஆறு கணினிகள், ஆறு பேர். விளையாட்டு பழைய பாணி. ஆளுக்கொரு பாத்திரம்: கேடயம், ஈட்டி, வில், திருடன், மந்திரவாதி, வைத்தியன். முறை வைத்துத்தான் அடிக்க வேண்டும், அவசரக் குடுக்கைகளுக்கு அங்கே வேலை இல்லை. இவர்களுடைய வித்தையும் ஒன்றே ஒன்றுதான். குறுகலான கதவாகப் பார்த்துக் கேடயத்தை நிறுத்திவிடுவார்கள். எதிரி எத்தனை பேர் வந்தாலும் ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் அவளை அடிக்க முடியும். மற்றவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டு குத்துவார்கள், எய்வார்கள், நெருப்பு வீசுவார்கள். வைத்தியன் அவள் காயத்தை ஆற்றிக்கொண்டே இருப்பான். வைத்தியன் வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன்.

அவளிடம் ஒரு விநோதமான பழக்கம் இருந்தது. தன் உயிர் எவ்வளவு மிச்சம் என்று திரை மூலையில் தெரியும் எண்ணைப் பார்த்தால் பயம் வரும், பயம் வந்தால் கால் பின்வாங்கும், கால் பின்வாங்கினால் கதவு போச்சு. அதனால் அந்த மூலையில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுவாள். ஒவ்வொரு சுற்றிலும் "நிக்கட்டுமா?" என்று கேட்பாள். புருஷன் தன் திரையில் அவள் எண்ணைப் பார்த்து "நில்லு" என்பான், இல்லையென்றால் "பின்னால வா" என்பான். ஏழு வருஷமாக இப்படித்தான். இதைப் பைத்தியக்காரத்தனம் என்றும் சொல்லலாம். அவள் நம்பிக்கை என்று சொல்லிக்கொண்டாள்.

ஒரு கட்டம் தாண்டினால் ஆளுக்கு நாலு வளர்ச்சிப் புள்ளிகள் கிடைக்கும். மற்றவர்கள் தங்கள் தங்கள் ஆயுதத்தைத் தீட்டிக்கொண்டார்கள். இவளிடம் மட்டும் அண்ணன் வந்து நிற்பார். ஈட்டிக்காரர், ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர், அணிக்குத் தலைவர், எல்லோருக்கும் அண்ணன். "இந்த ஒரு தடவ எங்களுக்காக, தங்கச்சி" என்பார். இவளும் பக்கத்தில் இருப்பவரைக் காக்கும் திறமையிலேயே எல்லாப் புள்ளிகளையும் கொட்டுவாள். மந்திரவாதியின் ஓலைகளைச் சுமக்க இடம் வேண்டுமென்று தன் பையிலிருந்த மருந்துப் புட்டிகளையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அசடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வருஷம் அரையிறுதிவரை வந்துவிட்டார்கள். ஜெயித்தால் வேறு ஊரில் இறுதிப் போட்டி. பிறந்ததிலிருந்து அவளை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவில்கூடக் கடைசி வரிசையில் நின்று வாயசைக்கச் சொன்னார்கள். கடை முதலாளியிடம் ஒரு மாதம் கெஞ்சி நான்கு நாள் லீவு வாங்கி வைத்திருந்தாள். அந்தப் பயணம் அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

போட்டியின் விதிகளில் இரண்டு ரொம்பக் கறாரானவை. விளையாட்டில் செத்தவர் செத்தவர்தான், திரும்பி வர முடியாது. உயிரோடு இருப்பவரை அணியிலிருந்து நீக்கவும் முடியாது. செத்தவர் இடத்துக்கு மட்டும், மிச்சம் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டால், புது ஆள் வரலாம்.

அரையிறுதியில் பதினோரு எலும்பு வீரர்கள், கடைசியில் ஒரு அரக்கன். முதல் மூன்று சுற்றும் சுலபமாகப் போயின. நான்காவதில் அரக்கன் கதவுக்கு வந்தான்.

"நிக்கட்டுமா?"

"நில்லு."

அரக்கனின் கதாயுதம் விழுந்தது. ஐந்தாவது சுற்று.

"நிக்கட்டுமா?"

கொஞ்சம் தாமதமாகத்தான் பதில் வந்தது. "நில்லு."

அடுத்த அடியில் அவள் திரை சாம்பல் நிறமானது.  அவள் முதலில் புருஷன் பக்கம்தான் திரும்பினாள். "பரவால்ல, உன்மேல தப்பில்ல. பெரிய அடிடா அது" என்று அவன் தோளைத் தட்டினாள். மற்ற ஐந்து பேரும் அரக்கனை முடித்தபோது எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள்.

நடுவர் அம்மா வந்தார். "செத்தவங்க இடத்துக்கு யாரு? பத்து நிமிஷத்துல எழுதிக் குடுங்க."

பத்து நிமிஷம் தேவைப்படவில்லை. அண்ணன் சட்டைப் பையிலிருந்து மடித்த படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். புது ஆள் அவருடைய மச்சான். காலையிலிருந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், வேடிக்கை பார்க்க வந்தவர் என்று இவள் நினைத்திருந்தாள். நடுவர் அதைச் சரிபார்த்துவிட்டு, "நீங்களும் ஒரு தடவ பாத்துக்கங்க" என்று இவளிடம் தந்தார்.

ஐந்து கையெழுத்துகள். ஐந்தாவது அவள் புருஷனுடையது. தேதி, வியாழக்கிழமை. போட்டிக்கு மூன்று நாள் முன்னால். அன்றைக்கு அச்சகத்தில் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தான். பாவம், உழைத்துக் களைத்து வருவானே என்று அவன் சட்டைகளை எல்லாம் இவளே இஸ்திரி போட்டு வைத்தாள்.

"நான் கடைசியா கேட்டப்ப என் எண் எவ்வளவு?" என்று பொதுவாகக் கேட்டாள்.

வில்காரப் பெண்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "ஆறு."

நூற்று இருபதுக்கு ஆறு.

"கோவிச்சுக்காத தங்கச்சி" என்றார் அண்ணன். "இறுதிச் சுற்றுல எல்லாம் நெருப்பு கக்குற ஜந்துங்க. உன் கேடயக்காரி தாங்க மாட்டா. நீதான் புள்ளியெல்லாம் அடுத்தவங்களக் காப்பாத்தவே போட்டுட்டியே."

போடச் சொன்ன அதே வாய்.   அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் மவுஸ் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"என்கிட்ட கேட்டிருந்தா நானே கதவ விட்டு வெளிய போய் செத்திருப்பேன்ல?"

"தெரியும்" என்றான். "கேட்டா நீ சரின்னுதான் சொல்லுவ. அப்புறம் வீட்டுல உன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது? தெரியாம நடந்துட்டா, அடி பலமா பட்டுடுச்சுன்னு நெனச்சு மறந்துடுவ."

"அப்படித்தான் நெனச்சேன். உன் தோளத் தட்டி, உன்மேல தப்பில்லன்னு சொன்னேனே. அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"

 பொய் சொல்ல வேண்டிய அவசியம் இனி இல்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நிம்மதியா இருந்துச்சு" என்றான்.