கணக்கில் சேராத மூன்று வருஷம்

1982ஆம் வருஷம், தோட்டம் கைமாறுவதற்கு முந்திய மாதம், தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி கிளாரன்ஸுக்கு ஒரே காலையில் முப்பது வயது குறைந்துபோனது. காரணத்தில் மர்மம் ஒன்றும் இல்லை. ஜெராம் பக்கத்து அந்தத் தோட்டத்தை வெள்ளைக்காரக் கம்பெனியிடமிருந்து வாங்கவிருந்த கோலாலம்பூர் கம்பெனி, கிராணிகளின் பழைய சேவை செல்லாது, நஷ்டஈடும் பென்ஷனும் கிடையாது, எல்லோரும் புதிதாகச் சேர்ந்தவர்களே என்று சொல்லிவிட்டது. செல்லாத வருஷங்கள் ஆளை விட்டுக் கிளம்பின. போகிற போக்கில் தங்களுக்குள் நடந்ததையும் அள்ளிக்கொண்டு போயின. கிளாரன்ஸின் தலை கறுத்தது. பொய்ப்பல்லைத் தள்ளிக்கொண்டு சொந்தப் பல் முளைத்தது. அவர் மனைவி லில்லியன் மட்டும் ஐம்பது வயதிலேயே நின்றாள். காப்பி கொண்டுபோனவளைப் பார்த்து, "நீங்க யாரு ஆண்ட்டி?" என்றார். பாவி மனுஷன், எழுந்து நின்று மரியாதை வேறு.

லில்லியனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவருக்கும்தான், இருட்டும்வரை சைக்கிளில் பக்கத்து மீனவக் கிராமமான சுங்கை செம்பிலாங்குக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். ஜெராம் மீன்கடை அர்ஜுனன், சைக்கிளில் கடந்துபோன அவரைக் காட்டி, "மவனாம்மா? அப்பாவ அப்படியே உரிச்சு வச்சிருக்காருலா" என்றபோது, வாங்கிய மீனைப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். பென்ஷன் இல்லாவிட்டால் கஞ்சி குடித்துக்கொள்ளலாம், இந்த மனுஷன் திரும்பி வரவேண்டுமே என்று மாதாவிடம் சண்டை போட்டாள்.

கோலசிலாங்கூரில் பேச்சுவார்த்தை வாரக்கணக்கில் இழுத்தது. கிராணிகள் சங்கச் செயலாளர் தேவதாஸ் மேசையைத் தட்டினார். கம்பெனி வக்கீல், இந்த இளைஞர்களுக்கு எதற்குப் பென்ஷன் என்று சிரித்தார். கடைசியில் இறங்கிவந்தார்கள்: சேவை செல்லும், நஷ்டஈடும் பென்ஷனும் உண்டு, வேலை நிரந்தரமாவதற்கு முந்திய மூன்று வருஷத் தற்காலிகச் சேவை மட்டும் சேராது. தேவதாஸ் தயங்கினார். அந்த வருஷங்களில் என்ன இருந்தது என்று தெரியாத கிளாரன்ஸ்தான், "மூணு வருஷந்தான, விட்டுத் தொலைங்கலா. வீட்டுக்குப் போவோம்" என்றார். கையெழுத்தானது.

அன்று சாயங்காலம் நரைத்த தலையோடு, "லில்லி, என்ன சாப்பாடு?" என்று கேட்டபடி படியேறினார். அவள் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த மூன்று வருஷத்துக்குள் நடந்த தங்கள் கல்யாணம் அவருக்கு நினைவில்லை என்று தெரிந்தபோதுகூடச் சிரித்துவிட்டாள்.

நவம்பரில், கல்லறைத் திருநாளன்று, அவள் பூப் பறித்துக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டார். அவள் கை அப்படியே நின்றது. கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சின்னச் சிலுவையில் இருந்ததை அவர் குனிந்து படித்தார்.

"ஜெனவீவ். நல்ல பேரு. யார் வீட்டுப் புள்ள?"

"நம்ம வீட்டுப் புள்ளதாங்க. காய்ச்சல்ல போயிட்டா. நீங்கதான் தூக்கிக்கிட்டு வந்தீங்க."

 அவர் தன் பங்குக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினார்.

சேராத வருஷத்துச் செய்தி அவரிடம் தங்கவில்லை. பென்ஷன் மாதம் தவறாமல் வந்தது. ஒவ்வொரு நவம்பரும் அவர் குடை பிடித்துக்கொண்டு, யார் வீட்டுப் புள்ள என்று கேட்டார், லில்லியன் சொன்னாள்.